வோடூ மேளமும் ஆட்டமும்: வகுப்பில் கற்கவும் சடங்கில் நிற்கவும் ஒரு முழு வழிகாட்டி

ஹெய்ட்டி நாட்டு மக்களின் மதமான வோடூவைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் ஊசி குத்திய பொம்மையும் சினிமாப் பேய்களும்தான். அவற்றை இங்கேயே விட்டுவிடுவோம். மேளம் வாசிக்கவோ ஆடவோ கற்க நினைப்பவர்களுக்காகவும், வாய்ப்பு அமைந்தால் ஒரு சடங்குக்கு முறைப்படி போய்வர ஆசைப்படுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மாண்ட்ரியல், பாரிஸ், நியூயார்க் என்று தமிழர்கள் வாழும் ஊர்கள் சிலவற்றில் ஹெய்ட்டியர்களும் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். நீங்கள் அங்கே இருப்பவரானால், வாரக்கடைசி வகுப்பு ஒன்று பக்கத்திலேயே நடந்துகொண்டிருக்கக்கூடும்.

தொடங்கும் முன்னால் ஒரு விஷயம். இந்த மரபில் மேளத்தை ஆட்டத்துக்கான பக்கவாத்தியமாக நினைத்துவிடாதீர்கள். மேளம் பேசுகிறது, உடம்பு கேட்கிறது. ஆட வருகிறவர்களில் பெரும்பாலானோர் காலில் தொடங்குகிறார்கள். காதில் தொடங்குங்கள் என்பதுதான் என் வாதம். கீழே உள்ள படிகளையும் அந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறேன்.

முதல் படி: எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இன்றைய ஹெய்ட்டி, பிரெஞ்சு ஆட்சியில் சான் டொமாங் என்ற பெயரில் கரும்பும் காப்பியும் விளைந்த அடிமைத் தோட்டங்களின் நாடு. ஆப்பிரிக்காவின் தஹோமே, யொருபா நிலம், காங்கோ எனப் பல இடங்களிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் தங்கள் தெய்வங்களையும் தாளங்களையும் அங்கே ஒன்றுசேர்த்தார்கள். அந்தத் தெய்வங்களுக்கு லுவா என்று பெயர். லுவாக்களும் தாளங்களும் இன்றும் வந்த நிலத்தின் பெயராலேயே பிரிந்து நிற்கின்றன. ராடா என்பது தஹோமே வழி, நாகோ என்பது யொருபா வழி. ஈபோ, காங்கோ என்பவை பெயரிலேயே ஊரைச் சொல்லிவிடுகின்றன. பெட்வோ மட்டும் சான் டொமாங் மண்ணிலேயே உருப்பெற்றது. அடிமை வாழ்வின் கோபமும் சூடும் அதில் இருக்கிறது.

1791 ஆகஸ்டில் புவா காயிமான் என்ற இடத்தில் நடந்த வோடூக் கூட்டத்திலிருந்துதான் விடுதலைக் கிளர்ச்சி தொடங்கியது என்பது ஹெய்ட்டி மக்கள் நினைவில் உறைந்த செய்தி. 1804 ஜனவரி 1 அன்று நாடு விடுதலை அடைந்தது. ஆனாலும் மேளத்துக்கு விடுதலை கிடைக்க வெகுகாலம் ஆனது. 1935-இல் வந்த ஒரு சட்டம் வோடூ வழிபாட்டை மூடநம்பிக்கைப் பழக்கம் என்று தடைசெய்தது. 1941, 42-இல் கத்தோலிக்கத் திருச்சபை அரசின் துணையோடு ஓர் ஒழிப்பு இயக்கத்தை நடத்தியது. கோயில் கோயிலாகப் புகுந்து மேளங்களைக் குவித்து எரித்தார்கள். அந்தச் சட்டம் நீங்க 1987 அரசியலமைப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வோடூவை ஒரு மதமாக அரசு ஏற்றுக்கொண்டது 2003 ஏப்ரலில்தான். வயதான ஹெய்ட்டியர் ஒருவர் மேளத்தைப் பற்றி உங்களிடம் வாய்திறக்கத் தயங்கினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு என்ற வடிவத்துக்கும் தனி வரலாறு உண்டு. அமெரிக்க நடனக் கலைஞர் கேத்தரின் டன்னம் 1930களின் நடுவில் ஹெய்ட்டிக்குப் போய், ஆய்வாளராக மட்டும் நிற்காமல் தீட்சையும் பெற்றார். பிறகு நியூயார்க்கில் பள்ளி தொடங்கி அந்த அசைவுகளைப் பயிற்சி முறையாக வடித்தெடுத்தார். 1949-இல் போர்ட்டோபிரான்ஸ் நகரத்தின் 200-ஆம் ஆண்டு விழாவையொட்டி ஹெய்ட்டி அரசு ஒரு தேசிய நாட்டார் கலைக்குழுவை அமைத்தது. அதை வழிநடத்தியவர் ழான் லியோன் டெஸ்டினே. 1950களில் லவினியா வில்லியம்ஸ் ஹெய்ட்டிக்கு வந்து அங்கேயே பள்ளி நடத்தினார். மேளத்தின் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தவர் ஃப்ரிஸ்னர் ஆகுஸ்தான். கோயில்களில் வாசித்து வளர்ந்தவர். 1972-இல் நியூயார்க் வந்து, ஒருபுறம் சடங்குகளில் வாசித்துக்கொண்டே மறுபுறம் ஹன்டர் கல்லூரியில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1999-இல் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. கோயில் வேறு, வகுப்பு வேறு என்று தெரிந்து இரண்டிலும் நேர்மையாக இருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

இரண்டாம் படி: மேளங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காணுங்கள்

ராடா வழிபாட்டில் மூன்று மேளங்கள். மூன்றும் குடைந்த மரத்தில் செய்தவை, கீழே போகப் போகக் குறுகுபவை. தோலை இழுத்துப் பிடிக்க விளிம்பைச் சுற்றி மர முளைகள் அடித்திருப்பார்கள். சுதி ஏற்ற வேண்டுமென்றால் அந்த முளைகளைத் தட்டி இறக்குவார்கள்.

சின்னது பூலா. இரண்டு நேர்குச்சிகளால் வாசிப்பது. இரவு முழுக்க ஒரே சீராக ஓடும்.

நடுவில் இருப்பது செகோன். ஒரு கையில் வில்போல வளைந்த சிறு குச்சி இருக்கும். பூலாவின் சீரான ஓட்டத்துக்கு எதிரே கேள்வி கேட்பதுபோல அது இடைமறித்துக்கொண்டே வரும்.

பெரியது மான்மான். தாய் மேளம். ஒரு கை வெறுங்கை, மறு கையில் குச்சி. ஆடுபவரைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டிய மேளம் இது. மான்மான் வாசிப்பவரின் விரலைக் கவனியுங்கள். சில இடங்களில் அடிப்பதை விட்டுவிட்டு, ஈரமாக்கிய விரலைத் தோலின் குறுக்கே அழுத்தி இழுப்பார். தோல் முனகும். அரங்கம் முழுக்கக் கேட்கும் அந்த முனகலை முதல்முறை கேட்கும்போது யாரோ மனிதர் குரல் கொடுக்கிறார் என்றே தோன்றும்.

இவற்றோடு ஓகான் என்ற இரும்பு மணி. மண்வெட்டித் தகடு போன்ற ஏதாவது ஓர் இரும்புத் துண்டுகூட ஓகான் ஆகிவிடும். எல்லா மேளங்களும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன.

பெட்வோ வழிபாட்டுக்கு வேறு மேளம். இரண்டுதான், ஆட்டுத்தோல், கயிற்றால் இழுத்துக் கட்டியது, வெறுங்கையால் வாசிப்பது. ஜூபா என்ற உழவர் ஆட்டத்தில் இன்னொரு முறை உண்டு. மேளத்தைத் தரையில் படுக்கவைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு, குதிகாலால் தோலை அழுத்திச் சுதியை மாற்றுவார்கள். பின்பக்கம் இன்னொருவர் மரத்தின்மேல் குச்சியால் தட்டுவார்.

கோயில் மேளத்துக்கு ஞானஸ்நானம் உண்டு, ஞானப் பெற்றோர் உண்டு, பெயரும் உண்டு. ஊந்தோ என்ற ஆவி அதில் குடியிருப்பதாக நம்பிக்கை. அவ்வப்போது படையலும் இடுவார்கள். வகுப்பில் இருக்கும் மேளம் பெரும்பாலும் இப்படி உயிரேற்றப்படாதது. அதனால்தான் நீங்கள் அதைத் தொடலாம். கோயில் மேளத்தை யாரும் சொல்லாமல் தொடக்கூடாது. சும்மா ஒரு தட்டு தட்டிப் பார்ப்பதும் தவறு.

மூன்றாம் படி: ஆடுமுன் பன்னிரண்டு எண்ணுங்கள்

யான்வலூ என்பதுதான் ராடா தாளங்களுக்கெல்லாம் வாசல். ஹெய்ட்டி ஆட்ட வகுப்புகளில் பெரும்பாலும் முதலில் சொல்லித்தருவது அதைத்தான். ஒரு சுற்றுக்கு 12 துடிப்புகள். வகுப்புக்குப் போவதற்கு முன்பே வீட்டில் இதைப் பழகிவிடலாம்.

ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நிதானமாக, சமமான இடைவெளியில் எண்ணுங்கள். 1, 4, 7, 10 என்ற எண்களில் காலை வையுங்கள். வலது, இடது, வலது, இடது. இது தடுமாறாமல் வந்த பிறகு, பரவலாகச் சொல்லித்தரப்படும் மணி அடியைக் கைதட்டலில் சேருங்கள்: 1, 3, 5, 6, 8, 10, 12. கையும் காலும் சேர்ந்து விழுவது 1-லும் 10-லும் மட்டும்தான். மற்ற இடங்களில் கை ஒரு வழி, கால் ஒரு வழி. முதலில் மண்டை குழம்பும். குழம்பட்டும். எண்ணுவதை நிறுத்திய பிறகும் கை தானாகத் தட்டினால் அடுத்த படிக்குத் தயார் என்று பொருள்.

எல்லா ஆசிரியரும் மணியை இதே இடங்களில் அடிக்க வேண்டும் என்பதில்லை. சிலர் அடிகளைக் குறைத்துக்கொள்வார்கள். ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் வேறுபாடு இருக்கும். உங்கள் ஆசிரியர் அடிப்பதே உங்களுக்குச் சரி.

அப்புறம் பாட்டு. மேளத்தைக் கேட்கிற அதே கவனத்தோடு பாட்டையும் கேளுங்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடும் முறை. ஹெய்ட்டி மக்கள் பேசும் கிரியோல் மொழியில் பாட்டுகள் சிறியவை, இரண்டு மூன்று வரிதான். வரியின் பொருளை ஆசிரியரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்துவிடும்படி, வாசலுக்குரிய லுவாவான லெக்பாவை வேண்டும் பாட்டைப் பாடிக்கொண்டே, என்ன பாடுகிறோம் என்று தெரியாமல் ஆடுவது அந்தப் பாட்டுக்குச் செய்யும் நியாயமாகாது.

நான்காம் படி: வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

மேளக்காரர் நேரில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒலிநாடா போட்டு நடத்தும் வகுப்பில் உடற்பயிற்சி கிடைக்கும், இந்த மரபு கிடைக்காது. பதிவு செய்த மேளத்துக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் களைத்துப் போனதும் தெரியாது, சூடேறியதும் தெரியாது.

ஆசிரியர் யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் இந்தக் கேள்வியை விரும்புவார். ஊர், கோயில், குரு என்று வரிசையாகச் சொல்வார். ஹெய்ட்டியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் ஹெய்ட்டியரிடம் கற்றவராக, இன்றும் அவர்களோடு உறவில் இருப்பவராக இருக்க வேண்டும்.

“மெய்மறந்த நிலைக்கு அழைத்துச் செல்கிறோம்” என்று விளம்பரம் செய்யும் பட்டறைகளுக்குப் போகாதீர்கள். லுவா இறங்குவது ஓர் ஊர் கூடிக் காவல்காக்கும் நிகழ்வு. இறங்கியவரைத் தாங்கவும், தெய்வத்திடம் பேசவும், முடிந்ததும் அந்த மனிதரைத் திரும்பக் கொண்டுவரவும் தெரிந்தவர்கள் சுற்றி நிற்பார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு மதியவேளையில் அதை ஏற்பாடு செய்கிறேன் என்பவருக்கு எதுவும் தெரியவில்லை, அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறார். வகுப்பில் வாசிக்கும் நல்ல மேளக்காரர் இதற்கு நேர்மாறு. யாராவது தன்னிலை இழப்பதுபோலத் தெரிந்தால் அழுத்தத்தைக் குறைப்பார், தாளத்தை மாற்றுவார், தேவைப்பட்டால் நிறுத்தியே விடுவார்.

உடை விஷயம் எளிது. கால்கள் வெறுங்காலாக இருக்கட்டும். பெண்கள் கணுக்கால் தொடும் அகலமான பருத்திப் பாவாடை கொண்டுவாருங்கள். பல ஆட்டங்களில் பாவாடை நுனியைப் பிடித்து வீசுவதும் அசைவின் பகுதி. மேளம் கற்பவர்கள் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். தோலும் கிழியும், விரலும் வீங்கும்.

ஐந்தாம் படி: பூலாவிலிருந்து தொடங்குங்கள்

ஹெய்ட்டியில் மேளம் பழகும் சிறுவன் முதலில் ஓகான் பிடிப்பான், பிறகு பூலா, பிறகு செகோன். மான்மானுக்கு வர ஆண்டுகள் ஆகும். வயது வந்த பிறகு கற்கிறவர்களும் இதே வழியில் போவதுதான் நல்லது. எல்லோருக்கும் பெரிய மேளத்தின் மேல்தான் கண். புரிகிறது. ஆனால் பூலாவில் உட்கார்ந்தால்தான் மற்ற இரண்டு மேளங்களும் உங்கள் அடிமேல் எப்படி ஏறி நிற்கின்றன என்பது காதில் விழும்.

பூலாவில் கற்க வேண்டியது தாளத்தின் வடிவம் மட்டுமில்லை, அது சீக்கிரமே வந்துவிடும். கடினமானது வேகம் மாறாமல் இருப்பது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கை தானாக ஓடப் பார்க்கும். மான்மான் எதிர்த்திசையில் வெட்டி அடிக்கும்போது கை தானாக அதன் பின்னால் போகப் பார்க்கும். இரண்டுக்கும் இடங்கொடுக்காதீர்கள். தோளை இறக்கி, மணிக்கட்டை மட்டும் அசைத்து, குச்சியைத் தோலே திருப்பி அனுப்பும்படி விடுங்கள். முழங்கையிலிருந்து அடித்தால் சீக்கிரமே கை கடுத்துப்போகும். சடங்கிலோ மணிக்கணக்கில் வாசிக்க வேண்டியிருக்கும்.

ஆட மட்டும் வந்தவர்களும் சில வாரமாவது பூலாவில் உட்கார்ந்து பாருங்கள். ஆட்டம் மாறிவிடும்.

ஆறாம் படி: யான்வலூ ஆடுங்கள்

தம்பாலா என்ற பாம்புத் தெய்வத்தோடு சேர்ந்த ஆட்டம் இது. முதுகெலும்பு அலையாக எழுந்து விழ வேண்டும்.

கால்களை இடுப்பகலத்துக்கு வைத்து நில்லுங்கள். முழங்காலை மடக்குங்கள், நீங்கள் நினைப்பதைவிட இன்னும் கொஞ்சம். இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, உள்ளங்கைகளைத் தொடையில் வையுங்கள். இப்போது காலை அசைக்காமல், அடிவயிற்றை உள்ளே இழுத்து இடுப்பைச் சுருட்டுங்கள். அந்தச் சுருட்டல் முதுகின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, நடுமுதுகு, தோள்பட்டை, கழுத்து என்று ஒவ்வொன்றாக ஏறட்டும். தலை கடைசியில் வரும். தலை முதலில் ஆடினால் அலை பொய்யாகிவிடும். பிறகு நெஞ்சு திறந்து விழ, அடுத்த அலை கீழிருந்து கிளம்பும். இடையில் நிறுத்தம் கிடையாது. ஓர் அலை முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடுகிறது.

இதைக் கண்ணாடி முன்னால் பழகாதீர்கள். பக்கவாட்டில் நின்று பார்க்கிற ஒரு தோழியோ தோழனோ போதும். எந்த எலும்பில் அலை மாட்டிக்கொள்கிறது என்று அவர் சொல்வார். முக்கால்வாசிப் பேருக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவில்தான் மாட்டும். நாற்காலியில் உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு அது இரும்பாக இறுகியிருக்கும். பொறுமையாக இளக்க வேண்டும். முதுகு வலியோ தட்டு விலகலோ உள்ளவர்கள் குனிந்து ஆடும் வடிவத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து ஆடலாம். அதுவும் மரபில் உள்ளதுதான். நிமிர்ந்தும், குனிந்தும், முழங்காலிட்டும் ஆடும் யான்வலூக்கள் உண்டு.

அலை வந்த பிறகு காலைச் சேருங்கள். பக்கவாட்டில் ஓர் எட்டு, மறு காலைச் சேர்த்தல், மீண்டும் எட்டு. பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பக்கூடாது. எடை முழுக்கக் கீழே. கையும் முகமும் அடங்கியிருக்கட்டும். மேடையில் ஆடும் குழுக்கள் கையை விரித்து முகத்தில் பாவம் காட்டுவார்கள், அது மேடைக்கு. கோயிலில் ஆடுபவர்களின் முகம் உள்நோக்கிய அமைதியோடு இருக்கும்.

ஏழாம் படி: காசேயைக் காதால் பிடியுங்கள்

மான்மான் திடீரென்று ஓட்டத்தை உடைக்கும். அலைபோல் போய்க்கொண்டிருந்த தாளத்தின் குறுக்கே வெட்டி வெட்டி அடிக்கும். இதற்குக் காசே என்று பெயர். கீழே பூலாவும் ஓகானும் கொஞ்சமும் மாறாமல் ஓட, மேலே மான்மான் எதிராக நிற்கும். ஆடுபவரின் உடம்பும் அலையை விட்டு உடைந்த, வெட்டான அசைவுக்கு மாறும். அப்புறம் மான்மான் பழைய ஓட்டத்துக்குத் திரும்பும், உடம்பும் திரும்பும்.

வகுப்பில் இது ஒரு சைகை. அசைவை மாற்று, திசை மாறு, வரிசை முடிந்தது என்பதற்கான அறிவிப்பு. சடங்கில் இதன் கனமே வேறு. லுவா இறங்கும் தருணம் பெரும்பாலும் காசேயில்தான் வரும். கூட்டத்தில் ஒருவர் தள்ளாடத் தொடங்குவதைக் கண்டால், மேளக்காரர் அவரைப் பார்த்து, அவருக்காகவே காசே அடிப்பார். இறங்கட்டும் என்று அழைக்கவும் அவரால் முடியும், இப்போது வேண்டாம் என்று விலக்கவும் முடியும். மான்மான் ஏன் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெறும் மேளமாக இருக்கிறது என்பது இங்கேதான் விளங்குகிறது.

பயிற்சி எளிமையானது. ஆடாமல் ஓரமாக உட்கார்ந்து, காசே வரும்போதெல்லாம் கையை உயர்த்துங்கள். முதலில் முடிந்த பிறகுதான் தெரியும், பிறகு நடுவில் தெரியும். பழகப் பழக, மேளக்காரரின் தோள் அசைவிலேயே வரப்போகிறது என்று தெரிந்துவிடும். நாளாவட்டத்தில் உங்கள் கால் அவரோடு சேர்ந்தே திரும்பும். எண்ணி ஆடுகிறவர்களுக்கு இது வராது, ஏனென்றால் காசே எத்தனையாவது சுற்றில் வரும் என்பது மேளக்காரருக்கே முன்கூட்டித் தெரியாது.

மற்ற தாளங்கள், சுருக்கமாக

யான்வலூவுக்குப் பின் மாயி, ஸெப்போல். மூன்றும் ராடாக் குடும்பம். மாயி துள்ளலான காலாட்டம். ஸெப்போல் தோளாட்டம், நிமிர்ந்து நின்று வேகமாக ஆடுவது. நாகோ, இரும்புக்கும் போருக்கும் உரிய ஓகூவின் தாளம். நெஞ்சை முன்தள்ளி வாளைச் சுழற்றுபவர் மாதிரி ஆடுவார்கள். ஈபோவில் விலங்கை உடைத்து எறியும் அசைவுகளைப் பார்க்கலாம். காங்கோ இடுப்பின் குழைவு. ஜூபா, உழவர் தெய்வம் அசாக்காவுக்கு. பாண்டா, செத்தவர்களின் லுவாவான கெடேவுக்கு. இடுப்பை நாணமில்லாமல் சுழற்றும் ஆட்டம் அது. சாவின் முன்னால் கொச்சையும் சிரிப்பும் கலந்து நிற்பது கெடேயின் இயல்பு. அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், வகுப்பில் கவர்ச்சி நடனமாக்கியும் விடாதீர்கள்.

பெட்வோவை அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். இறுகிய, வேகமான, சூடான தாளம். சடங்கில் அதோடு சாட்டைச் சொடுக்கும் விசிலும் சேரும். ராடாவில் உடம்பு பதப்பட்ட பிறகு ஆசிரியரே கொண்டுவருவார்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேளங்களின் முன்னால் போய்க் குனிந்து தரையைத் தொட்டு வணங்குவார்கள். நீங்களும் செய்யுங்கள். கையில் ஆசோன் வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். பாசிமணியும் பாம்பின் முள்ளெலும்பும் கோத்த அந்தச் சுரைக் கிலுக்கு பூசாரியின் அதிகாரம். தீட்சை பெற்றுத்தான் அதை ஏந்த முடியும். வகுப்பில் பழக சாதாரண சாச்சா கிலுக்கு உண்டு.

எட்டாம் படி: சடங்குக்கு அழைப்பு வந்தால்

அழைப்பு வர வேண்டும், நீங்களாகத் தேடிப்போய் நுழையக்கூடாது. ஆசிரியரோ உடன் பயில்பவரோ “வருகிறீர்களா?” என்று கேட்டால், முதலில் அந்தக் கோயிலின் ஊங்கானிடமோ மான்போவிடமோ அனுமதி கேட்கச் சொல்லுங்கள். ஊங்கான் ஆண் பூசாரி, மான்போ பெண் பூசாரி. நியூயார்க்கில் பல சடங்குகள் புரூக்ளின் வீடுகளின் அடித்தளத்தில் நடக்கின்றன. ஹெய்ட்டியில் கோயில் முற்றத்துக் கூரையின் கீழ், போட்டோ மிட்டான் என்ற நடுக்கம்பத்தைச் சுற்றி நடக்கும்.

வெள்ளை உடுத்துங்கள், தலைக்கு ஒரு துணி. கறுப்பும் சிவப்பும் சில லுவாக்களுக்கு உரியவை, தெரியாமல் உடுத்திப் போக வேண்டாம். வெறுங்கையோடும் போகாதீர்கள். என்ன கொண்டுவரலாம் என்று முன்கூட்டிக் கேளுங்கள். ஒரு புட்டி ரம், மெழுகுவத்தி, பூ, அல்லது பணம். மேளக்காரர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் பணம் வைத்திருங்கள், விடியும்வரை அவர்கள் உழைப்பு அது. ஹெய்ட்டிக் கிராமத்தில் ஒரு வீட்டு முற்றத்துக்குள் நுழையுமுன் “ஓனே” என்று குரல் கொடுப்பார்கள். உள்ளிருந்து “ரெஸ்பே” என்று பதில் வரும். மானம், மரியாதை என்று பொருள்படும் அந்த இரண்டு சொற்களையும் கற்றுக்கொண்டு போங்கள்.

இரவு மெதுவாகத் தொடங்கும். முதலில் நீண்ட வேண்டுதல். கத்தோலிக்கச் செபங்களும் முன்னோர்களை அழைக்கும் பாட்டுகளும் அதில் கலந்திருக்கும். மேளம் இடையிடையே உருட்டும், அவ்வளவுதான். இது முடிந்துதான் ஆட்டம் என்று பொறுமையிழக்காதீர்கள். கம்பத்தின் அடியிலும் மேளங்களின் முன்னாலும் தண்ணீர் தெளிப்பார்கள். மாவினால் தரையில் வெவே என்ற கோலத்தை வரைவார்கள். அதை மிதிக்காதீர்கள். ஆட்டத்தில் அழியும்போது அழியட்டும், அது வேறு.

முதலில் லெக்பா. அவர் வாசலைத் திறக்காமல் எவரும் வர முடியாது. பிறகு ராடா லுவாக்கள் வரிசையாக வருவார்கள்: தம்பாலா, கடலுக்குரிய அக்வே, காதலுக்குரிய எசிலி, இன்னும் பலர். ஓகூவைக் கடந்து, இரவு முற்றிய பின் பெட்வோ. கடைசியில், விடியலுக்குப் பக்கமாக, கெடே. ஒவ்வொரு லுவாவுக்கும் தனிப் பாட்டு, தனித் தாளம். நீங்கள் கற்ற தாளங்கள் இந்த வரிசையில் வரும்போது ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று புரியத் தொடங்கும்.

ஆடலாமா? ஊன்சி எனப்படும் வெள்ளுடைப் பெண்களும் ஆண்களும் கம்பத்தைச் சுற்றி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஆடுவார்கள். உங்களை அழைத்தால் கடைசி வரிசையில் சேர்ந்துகொள்ளுங்கள். அழைக்காவிட்டால் நின்ற இடத்தில் கைதட்டி, திருப்பிப் பாடுவதைச் சேர்ந்து பாடுங்கள். அதுவே பெரிய உதவி. வகுப்பில் கற்ற அலங்காரங்களை இங்கே காட்ட வேண்டாம். படம் எடுக்க வேண்டாம், ஒலிப்பதிவு வேண்டாம், கைபேசியை அணைத்து உள்ளே வைத்துவிடுங்கள். பூட்டிய அறை எதையும் திறக்காதீர்கள்.

லுவா ஒருவர் மீது இறங்கினால் விலகி இடம் விடுங்கள். ஊன்சிகள் ஓடிவந்து தாங்குவார்கள். காலணி, நகை, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள், அவருக்கு அடிபடக்கூடாது என்பதற்காக. தம்பாலா இறங்கியவர் பேசமாட்டார். தரையில் நெளிந்து போவார், வெள்ளைத் துணி போர்த்தி முட்டை படைப்பார்கள். எசிலி ஃப்ரெடா வாசனைத் திரவியமும் நல்ல உடையும் கேட்பாள், கடைசியில் பெரும்பாலும் அழுவாள். கெடே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மிளகாய் ஊறிய சாராயம் குடித்துக் கேலி பேசுவார். அந்த நேரத்தில் அவர் உங்களுக்குத் தெரிந்த ஆள் இல்லை, லுவா. பழைய பெயரைச் சொல்லி அழைக்காதீர்கள். லுவா உங்களிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினால் நீங்களும் இரண்டையும் கொடுங்கள். கிரியோலில் சொல்வது புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் விளக்குவார். ஏதாவது குடிக்கக் கொடுத்து, உங்களால் குடிக்க முடியாவிட்டால், உதட்டில் தொட்டுத் திருப்பிக் கொடுப்பதில் தவறில்லை.

உங்களுக்கே தலை சுற்றினால், கால் கனத்தால், மேளம் உடம்புக்குள் இருந்து வருவதுபோலத் தோன்றினால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். மேளத்தை விட்டு விலகி வெளியே வந்து உட்காருங்கள், பக்கத்தில் இருக்கும் ஊன்சியிடம் சொல்லுங்கள். தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இது பழக்கமான விஷயம்.

ஹெய்ட்டிக்கே போக நினைத்தால்

மேளத்தின் ஊற்றைக் கேட்க வேண்டுமென்றால் கொனாயிவ் நகரத்தை ஒட்டிய பழைய கோயில் வளாகங்களுக்குத்தான் போக வேண்டும். சுவனான்ஸ் தஹோமே வழி, ஈஸ்டர் வாரத்தில் விழா. சுக்ரி காங்கோ வழி, விழா ஆகஸ்டில். பாஜோ நாகோ வழி, ஜனவரியில். ஒரே நாட்டுக்குள் மூன்று நிலங்களின் தாளங்கள் தனித்தனியே காப்பாற்றப்பட்டிருப்பதை அங்கே கேட்கலாம். ஆனால் அண்மை ஆண்டுகளில் ஆயுதக் கும்பல்களின் வன்முறையால் ஹெய்ட்டியில் பயணம் செய்வது மிகவும் ஆபத்தானதாகிவிட்டது. உள்ளூரில் பொறுப்பேற்கும் ஆட்கள் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அதுவரை, நியூயார்க்கில் இருப்பவர்களுக்குப் புரூக்ளின் ப்ராஸ்பெக்ட் பூங்கா இருக்கிறது. அங்கே ஏரிக்கரையில் ஹெய்ட்டியர்கள் கூடி மேளம் வாசிப்பதுண்டு. ஆகஸ்டில் புவா காயிமான் நினைவாகவும் ஒன்றுகூடுகிறார்கள். நவம்பர் 1, 2 தேதிகளில் கெடே விழா, ஹெய்ட்டியர்கள் வாழும் ஊர்களில் பரவலாக நடக்கும். வெளியாட்களை வரவேற்கும் விழாக்களில் அதுவும் ஒன்று. உங்கள் ஆசிரியரிடம் அக்டோபரிலேயே கேட்டு வையுங்கள். போகும்போது கெடேவுக்குப் பிடித்த காரச் சாராயத்துக்கு நல்ல மிளகாய் கொஞ்சம் கொண்டுபோங்கள்.